வெட்டிக் கூட்டல்

கூட்டினால் விடை என்று ஒன்று வரவேண்டும், அந்த விடை எதற்காவது உதவவேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கூட்டியது தொழிலாளர்களின் டோக்கன் நம்பர்களை. ஃபவுண்டரியில் இருக்கும் ஒருவருடைய நம்பரோடு பெயின்ட் ஷாப்பில் இருக்கும் ஒருவருடைய நம்பரைக் கூட்டி, அதோடு கேன்டீன் சமையல்காரருடைய நம்பரையும் கூட்டினால் என்ன வரும்? ஒரு பெரிய எண் வரும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அதிகாரிகள் அதை ஹாஷ் டோட்டல் என்றார்கள். பஞ்சிங் பிரிவில் இருந்த பெண்கள் நாங்கள் அதற்கு வைத்த பெயர் வெட்டிக் கூட்டல்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிண்டியில் ஒரு பெரிய தொழிற்சாலை. கம்ப்யூட்டர் வந்திறங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதற்கென்று தனியாகக் கண்ணாடி அறை, குளிர்சாதனம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பக்கத்து ஹாலில் வரிசையாகப் பஞ்ச் மிஷின்கள், தலைக்கு மேல் மின்விசிறி, காதை அடைக்கும் சத்தம். கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவார். உடனே யாராவது என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்றே?" என்று கேட்பார்கள். "அட்டையில ஓட்டை போடுறேன் ஆன்ட்டி" என்பேன். அப்பாவின் முகம் சுருங்கிவிடும். ஆனால் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஒரு தொழிலாளிக்கு ஓர் அட்டை. அவருடைய டோக்கன் நம்பர், பிறந்த தேதி, எந்த ஷாப், அதாவது எந்தப் பட்டறை, எந்த ஷிப்ட் எல்லாம் அட்டையில் சின்னச் சின்ன நீள்சதுர ஓட்டைகளாக விழும். மேல் விளிம்பில் அதே விவரம் கண்ணால் படிக்கும்படி அச்சாகவும் இருக்கும். ஓட்டை மிஷினுக்கு, அச்சு நமக்கு. ஒருத்தி அடித்த அட்டைகளை இன்னொருத்தி வெரிஃபையர் என்ற மிஷினில் வைத்து, அவள் பார்த்து அடித்த அதே விவரத் தாளைப் பார்த்து மறுபடியும் அடிக்கவேண்டும். இரண்டு பேர் அடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். அதற்கப்புறம் அட்டைக் கட்டு கண்ணாடி அறைக்குப் போகும். அங்கே கம்ப்யூட்டர் அட்டைகளைப் படித்து, விவரத்தைக் காந்த டேப்பில் ஏற்றிக்கொள்ளும்.

வெட்டிக் கூட்டலுக்கு அங்கேதான் வேலை. தாளில் உள்ள டோக்கன் நம்பர்களை நாங்கள் கூட்டல் மிஷினில் முன்கூட்டியே கூட்டி வைத்திருப்போம். கம்ப்யூட்டரும் தான் படித்த நம்பர்களைக் கூட்டிக் கடைசியில் அச்சடித்துக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், தாளில் இருந்தது அப்படியே டேப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஓர் அட்டை தொலைந்தாலும், ஒரே அட்டை இரண்டு தடவை போனாலும், ஓர் இலக்கம் மாறினாலும் கூட்டல் இடிக்கும். எது மாறியது என்று மட்டும் சொல்லாது. ஊருக்குப் போய்விட்டு வந்து சமையலறைக்குள் நுழைந்ததும் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், எதில் என்று தெரியாது. அந்த மாதிரிதான். இரண்டு தப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டால் அதை ஏமாற்றிவிடவும் முடியும். இப்போது என் மருமகன் கம்ப்யூட்டரில் எதையோ இறக்கிவிட்டு, எழுத்தும் எண்ணுமாக முழ நீளத்துக்கு வரும் ஒன்றைச் சரிபார்க்கிறார். அதை ஏமாற்றுவது லேசில் முடியாதாம். இருக்கட்டும். எங்கள் காலத்துக்கு எங்கள் கூட்டல் போதும்.

எனக்குப் பக்கத்து மிஷினில் முடிச்சூர்க்காரி ஒருத்தி இருந்தாள். அவர்களுக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் நிலம். அந்த வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசலைத் தாண்டி வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலையில் பஸ்ஸில் தாம்பரம் வந்து, ஸ்டேஷனில் என்னோடு சேர்ந்துகொள்வாள். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் அவளுக்கு, அதை ஒட்டின இடம் எனக்கு. இதில் மாற்றமே கிடையாது, ஏனென்றால் அவள் விடமாட்டாள்.

அவள் அடித்த அட்டைகளைப் பெரும்பாலும் நான்தான் வெரிஃபை செய்வேன். சிவப்பு விளக்கு எரிவது அபூர்வம். எரிந்தாலும் பாதி நேரம் தப்பு என்னுடையதாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. அவளுடைய வேகத்தைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்தால், "வேகத்த வுடு. தப்பு கீதான்னு பாரு" என்பாள். கர்வம் பிடித்தவள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் எங்கள் பிரிவில் வேலை நிரந்தரமாகாமல் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். தீபாவளிக்கு முன்னால் எங்கள் அதிகாரி அவளைப் பற்றி மேலே எழுதி அனுப்பவேண்டும். அதே சமயத்தில் படப்பையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல இடம், சொந்தமாக அரிசி மண்டி. அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, பெண் வேலைக்குப் போகக் கூடாது. அவளுடைய அப்பா சொன்னதை ரயிலில் அப்படியே என்னிடம் சொன்னாள்.

"வேல பர்மனென்ட் ஆச்சுன்னா யோசிக்கறேன், இல்லாங்காட்டி தை மாசம் கல்யாணம்னு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வேலையை விடுவதில் அவளுக்கு எத்தனை வருத்தம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அவள் போய்விடுவாள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. 

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலை முழுவதையும் கழுவித் துடைத்து, லேத்துக்கும் டிரில்லுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையிலும் பூஜை உண்டு. கிறிஸ்தவப் பெண்ணான எனக்கு அதில் பங்கு பொரியும் சுண்டலும். அந்தப் பங்கில் நான் ஒரு வருஷமும் குறை வைத்ததில்லை. எங்கள் அதிகாரி குரோம்பேட்டைக்காரர், கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவர், கண்டிப்பானவர். மிஷினுக்குள் ஒரு சொட்டு ஈரம் போகக் கூடாது என்று எல்லாரையும் எச்சரித்துவிட்டு, கம்ப்யூட்டரின் முகப்பில் அளவெடுத்த மாதிரி தாமே ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

அவரவர் தொழில் செய்யும் பொருளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர்களை வைத்தார். ஸ்டோர்ஸ்காரர் கத்தரிக்கோலை வைத்தார். பஞ்ச் மிஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் முடிச்சூர்க்காரி தான் அடித்த அட்டைக் கட்டை வைத்தாள். முந்தின நாள்தான் அடித்து முடித்து, நான் வெரிஃபையும் செய்து கொடுத்திருந்த கட்டு. ஸ்க்ரூ டிரைவருக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்தவர்களோடு சேர்ந்து, அவளும் மேலே இருந்த அட்டையில் சந்தனம் வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது வழக்கம். கட்டு அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறையின் ஆபரேட்டர் பொட்டைப் பார்த்துவிட்டு, துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். அட்டை சுத்தமாகிவிட்டது என்று நினைத்து, கட்டை, அட்டைகளை வகை பிரிக்கும் மிஷினில் போட்டு ஷாப் வாரியாக அடுக்கினார். மேலே இருந்த அட்டை எங்கோ நடுவில் போய்விட்டது. அந்தப் பிரிக்கும் மிஷின் அத்தோடு வழக்கம்போலப் படுத்துவிட்டது. அடுக்கினவரைக்கும் போதும் என்று அவர் கட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டல் இடித்தது. கம்ப்யூட்டர் சொன்னதில் நானூறு குறைந்தது.

அதிகாரி கையில் காகிதத்தோடு ஹாலுக்கு வந்து முடிச்சூர்க்காரியின் மிஷின் பக்கத்தில் நின்றார்.

"உன் கட்டுதாம்மா. நானூறு இடிக்குது. பஞ்சிங் தப்பு."

அவள் எழுந்து நின்றாள். "நான் தப்பா அடிக்கல சார்."

"கூட்டல் இடிக்குதே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சார், நான் வெரிஃபை பண்ணிருக்கேன். தப்புன்னா ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒரே தப்பைப் பண்ணிருக்கணும்" என்றேன்.

"பண்ணக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா?" என்றார் அவர். "இந்த வாரம் இவளைப் பத்தி மேலே ரிப்போர்ட் அனுப்பணும். அதுக்குள்ள எதுன்னு கண்டுபிடிங்க."

நானூறுதானே என்று விட்டுவிட முடியாது. ஒருவருடைய நம்பர் மாறினால், இன்றைக்கு வேலையில் இருப்பவர் டேப்பில் காணாமல் போய்விடுவார். என்றோ ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டவர் மறுபடியும் ஷிப்டுக்கு வந்துவிடுவார். தொழிலாளி வந்து சண்டை போடுகிறவரை அது யாருக்கும் தெரியாது. வெட்டிக் கூட்டலை வைத்திருந்ததே இதற்காகத்தான். அன்றைக்கு அது தன் வேலையைச் செய்தது, எங்கள் தலையில்தான் விடிந்தது.

நானும் அவளும் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் தாளைப் படிக்க நான் அட்டையின் அச்சைப் பார்த்தேன். எல்லாம் சரி. இடம் மாறிக்கொண்டு, நான் படிக்க அவள் பார்த்தாள். அப்போதும் சரி. தாளில் இருந்த நம்பர்களைக் கூட்டல் மிஷினில் மறுபடி கூட்டினோம். பழைய விடையே வந்தது. அதிகாரி கட்டை வாங்கி மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே நானூறு. தாள் சரி, அட்டை சரி, கம்ப்யூட்டரும் மற்ற கட்டுகளையெல்லாம் ஒழுங்காகப் படித்திருக்கிறது. எல்லாம் சரியென்றால் தப்பு எங்கேயிருந்து வந்தது?

முடிச்சூர்க்காரி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "அரிசி மண்டில மூட்டைய எண்ணிக்கினு ஒக்காந்திருக்கப் போறேன்" என்றாள். "அதுலயாவது எண்ணுனா எண்ணுனதுதான்."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு வேளை முடிந்து அதிகாரி திரும்பி வந்தார். கோபம் போயிருந்தது. கணக்குப் படித்தவர் அல்லவா, கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"அச்சு சரியா இருக்கு. மிஷின் மட்டும் குறைச்சுப் படிக்குது. அப்போ ஏதோ ஒரு ஓட்டை அதுக்குத் தெரியலை. நூறாம் இடத்துல நாலு இருக்கிற அட்டை ஏதோ ஒண்ணு. நாலு தெரியலேன்னா அங்க ஒண்ணுமில்லேன்னு எடுத்துக்கும். நானூறு போயிடும்."

அவர் சொன்னதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. பிரிக்கும் மிஷின் நன்றாக இருந்தால் அதுவே அந்த அட்டையைத் தனியாகத் தள்ளிவிடும், ஆனால் மெக்கானிக் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். நூறாம் இடத்தில் நாலு உள்ள அட்டைகளை நானும் அவளும் கையாலேயே பொறுக்கினோம். பொறுக்கினதை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக வராந்தாவுக்குப் போனோம். ஒரே இடத்தில் ஒரே ஓட்டை உள்ள அட்டைகளைச் சேர்த்து விளிம்பைத் தட்டிப் பிடித்தால், ஓட்டை வழியே மறுபக்கம் தெரியவேண்டும். பஞ்சிங் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். தெரியவில்லை. கட்டை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் வாசல் வேப்பமரம் தெரிந்தது, மறுபாதி இருட்டு. இருட்டுப் பாதியை மறுபடி இரண்டாக்கினேன். இப்படியே பிரித்துப் பிரித்துக் கடைசியில் கையில் ஒரே ஓர் அட்டை நின்றது.

ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்துக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த முடிச்சூர்க்காரிக்கும் வாசனை எட்டிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது. அதற்கு முந்தின வருஷம் அட்டைத் தட்டின் மேல் காபி டம்ளரை வைத்த ஒரு பெண்ணை, நிரந்தரமாகாதவள்தானே என்று, சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காபிக்கே அந்தக் கதி.

"நீ பேசாம இரு" என்று சொல்லிவிட்டு என் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினேன். ஒரு குத்துக் குத்தினால் சந்தனம் உதிர்ந்துவிடும். மறுபடி ஓட்டினால் கூட்டல் சேர்ந்துவிடும். என்னவோ கோளாறு என்று சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அதிகாரி வராந்தாவுக்கு வந்தார்.

"கிடைச்சுதா?"

"ஏதோ தூசி சார்" என்றேன். கூசாமல் சொன்னேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"தூசி இல்ல சார்" என்றாள் அவள். "சந்தனம். பூஜ அன்னிக்கு நாந்தான் வச்சேன்."

அதிகாரி அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. தூசின்னே எழுதிட்டுப் போயிருப்பேன்."

"தூசின்னா, மிஷின்ல கோளாறா, பஞ்சிங்ல கோளாறான்னு இழுத்துக்கினே கெடக்கும் சார். நான் சந்தனம் வச்சதுக்கு இன்னா வேணா பண்ணுங்க. ஆனா நான் அடிச்சது சரி. அத எழுதுங்க."

பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். வேலை போனாலும் போகட்டும், தப்பாக அடித்தவள் என்ற பேர் மட்டும் வரக் கூடாது அவளுக்கு. மண்டியும் மாப்பிள்ளையும் தை மாசமும் எதிரில் வந்து நிற்கும்போது ஒருத்திக்கு இப்படியும் ஒரு பிடிவாதம் இருக்குமா? அவள் தலை குனியவில்லை. திட்டிக்கொண்டே நான் அவளை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அதிகாரி, "பஞ்சிங் சரி" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "தூசின்னு சொன்ன ஆள், அந்தப் பின்னைக் கொடும்மா."

ஓட்டையை அவரே சுத்தம் செய்து, அவரே கட்டை எடுத்துக்கொண்டு போய் ஓட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பில்லாமல் நாங்கள் நின்றோம். அவர் கம்ப்யூட்டர் அச்சடித்த எண்ணை இலக்கம் இலக்கமாகப் படித்தார். முடிச்சூர்க்காரி கூட்டல் மிஷின் தாளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசி இலக்கமும் சேர்ந்தது. அவள் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றுக்கும் உதவாத ஓர் எண்ணைப் பார்த்து அழுதவள் தாம்பரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதிகாரி மேலே என்ன எழுதினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அட்டைகளைப் பூஜையில் வைக்கக் கூடாது என்று மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. தீபாவளி போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று புடவை ஓரம் நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாள். வேலையைப் பற்றியும் பேசமாட்டாள், படப்பையைப் பற்றியும் பேசமாட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேரே என் மிஷினுக்கு வந்தாள். பிரிக்காமல் என்னிடமே நீட்டினாள். நான் பிரித்துப் படித்தேன். வேலை நிரந்தரம். ஹாலில் இருந்த எல்லா மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அதிகாரி வந்து, இன்றைக்கு என்ன லீவா என்று கேட்கிறவரை யாரும் உட்காரவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் அவளோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, தோளில் துண்டு, சேறு படிந்த கால். அவளுடைய அப்பா என்று அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்தது. அவள் அவரை விட்டு இரண்டடி தள்ளி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணு அடிக்கறத நீதான் தப்பு பாக்கறியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"தப்பு வருமா?"

"வராதுங்க. வந்தா பாதி என் தப்பா இருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

"படப்பைக்கு ஆள் அனுப்பிட்டேம்மா. பொண்ணு வேலைக்குப் போவும். ஒத்துக்கினா வாங்க, இல்லாங்காட்டி வேற வூடு பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

ரயில் வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வண்டி நகர்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா இன்னா சொன்னாரு?"

"பக்கத்துலதானே நின்னே?"

"இன்னொரு வாட்டி சொல்லேன்."

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் மறுபடியும் கேட்டாள்.